"பழசைக் கேக்க ஆர் இருக்கினம்?": தமிழ் வானொலி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

அரச வானொலியிலும் தனியார் பண்பலைகளிலும் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

பழைய பாடல் நிகழ்ச்சிகள் சுருங்கிக்கொண்டே போகின்றன. விடியற்காலையில் ஒரு மணித்தியாலம் இருந்தது அரை மணித்தியாலமாகி, பிறகு மத்தியானத்துக்கு நகர்ந்து, இப்போது பெரும்பாலும் இரவு பத்து மணிக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஏன் என்று கேட்டால், "பழசைக் கேக்க இப்ப ஆர் இருக்கினம்?" என்பதுதான் பதில்.

இந்த மடலை எழுதுகிற நாங்கள் வன்னியில் றேடியோ திருத்துகிறவர்கள், கோயிலடியிலும் கலியாண வீட்டிலும் ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள், கசெற் சேர்த்து வைத்திருப்பவர்கள். கேட்பவர்கள் குறையவே இல்லை என்று சாதிக்க வரவில்லை. குறைந்துதான் இருக்கிறார்கள். ஆனால் அதற்குக் காரணம் பாட்டின் வயது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டோம். பாட்டு எந்த நிலையில் எங்கள் பெட்டிக்கு வந்து சேருகிறது என்பதுதான் காரணம். அதில் பெரும் பகுதியை உங்கள் கலையகத்துக்குள்ளேயே, புதுச் சாமான் ஒன்றும் வாங்காமல் திருத்தலாம். எப்படி என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் இந்த மண்ணில் றேடியோ எப்படிக் கேட்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியதிலிருந்து, மயில்வாகனம் முதல் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் வரை வந்த குரல்கள் பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கமும் கேட்டன. திரைப்பாடலை எப்படி அறிமுகம் செய்வது என்பதைத் தமிழ்நாட்டு நேயர்களே அங்கிருந்துதான் பழகினார்கள். அது நல்ல காலம். 1990களில் வன்னியில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. அப்போதும் றேடியோ நிற்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கேட்டார்கள்.

அதை ஏதோ வீரக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதற்குள் இருந்த வேலையைச் சொல்வதில்லை. சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற்று, அதுவும் மாறு மின்னோட்டம். அப்படியே பெட்டிக்குக் கொடுத்தால் பாட்டுக்குப் பதிலாக உறுமல்தான் வரும். நான்கு டயோட்டைப் பாலமாகக் கட்டி, 1000 மைக்ரோபரட் கொள்ளளவியைக் குறுக்கே போட்டால் உறுமல் அடங்கும். அடுத்த ஆபத்து வேகம். சுமை இல்லாமல் டைனமோவை வேகமாகச் சுற்றினால் வோல்ற் இருபதைத் தாண்டும், பெட்டியின் கடைசிக் கட்டத் திரான்சிஸ்ரர் சுட்டுவிடும். அதனால்தான் சைக்கிள் லைற்றைக் கழற்றாமல் பக்கத்தில் எரியவிட்டார்கள். பல்ப் மேலதிக மின்னைக் குடிக்கும், அது எரிகிற வெளிச்சத்தைப் பார்த்துச் சுற்றுகிறவர் வேகத்தைப் பிடித்துக்கொள்வார். செய்திக்காகச் சுற்றத் தொடங்கிய கை, செய்தி முடிந்த பிறகும் பாட்டுக்காகச் சுற்றியது. இப்படிக் கேட்ட சனத்துக்குப் பழைய பாட்டில் விருப்பம் விட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அவர்களின் பெட்டியில் இப்போது என்ன கேட்கிறது என்று ஒருக்கால் பாருங்கள்.

மத்திய அலையில் பகலிலும் திருச்சி வானொலி 936 கிலோஹேர்ட்ஸில் வன்னிக்கு வரும். இடைவழியில் பாதியளவு உப்புக் கடல், தரை அலைக்கு அதைவிட நல்ல பாதை கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் தண்டின் நுனி நிலையத்தைப் பார்த்தால் ஓசை செத்துவிடும், தண்டின் பக்கவாட்டுத்தான் பார்க்க வேண்டும். கிளிநொச்சியில் இருந்து திருச்சி வடமேற்கில் இருப்பதால் பெட்டியின் நீளப் பக்கத்தை வடகிழக்குத் தென்மேற்காக வைக்க வேண்டும். இதெல்லாம் பழைய நேயர்களுக்குக் கைப்பழக்கம். ஆனால் இன்றைக்கு அந்த அலைவரிசையில் மலிவு எல்ஈடி பல்ப், தொலைபேசி சார்ஜர், சோலார் இன்வேர்ட்டர் எல்லாம் சேர்ந்து இரைகின்றன. காட்டோரக் கிராமங்களில் யானைவேலியின் துடிப்பு விநாடிக்கு ஒருதரம் "டிக், டிக்" என்று பாட்டுக்குத் தாளம் போடுகிறது. வேலிக் கம்பியில் பச்சை இலை தொட்டுக்கொண்டிருந்தாலோ, எர்த் கம்பி சரியில்லாவிட்டாலோ அது இன்னும் உரக்கக் கேட்கும். ஆக மத்திய அலையை விட்டு வந்த நேயர், பாட்டை விட்டு வரவில்லை. சத்தத்தைத் தாங்காமல் வந்தார்.

வந்த இடம் பண்பலை. பண்பலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது, தூணின் உயரம்தான் அதற்குப் பலம். கணக்கு எளிது: பரப்பியின் உயரத்துக்கும் பெட்டியின் உயரத்துக்கும் மீற்றரில் வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீற்றரில் தொடுவானத் தூரம் வரும். 2011இல் திறந்த கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரத்தின் 174 மீற்றர் உச்சியில் அன்ரெனா இருந்தால், நிலத்தில் இருந்து ஒன்றரை மீற்றரில் இருக்கும் கைப்பெட்டிக்கு ஏறக்குறைய 59 கிலோமீற்றர். அதுவே 50 மீற்றர் தூண் என்றால் 34தான். வன்னி தட்டை நிலம், மலை மறிக்காது. ஆனால் காடு உறிஞ்சும், மழைக்காலத்தில் நனைந்த காடு இன்னும் கூட உறிஞ்சும். துணுக்காய், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கமெல்லாம் விளிம்பில் கேட்கிற இடங்கள் நிறைய உண்டு.

அந்த விளிம்புக்காகத்தான் எங்கள் முதல் வேண்டுகோள்: பழைய பாடல் நேரத்தில் மோனோவில், அதாவது இடம் வலம் என்று பிரிக்காத ஒற்றை ஓசையாக, ஒலிபரப்புங்கள்.

1970களின் இறுதிவரை வந்த தமிழ்த் திரைப்பாடல்கள் மோனோவில் பதிந்தவை. அவற்றை ஸ்டீரியோவில் அனுப்புவதால் ஒரு சொட்டும் கூடக் கிடைப்பதில்லை, ஆனால் நட்டம் உண்டு. அலை பலவீனமான இடத்தில் ஸ்டீரியோ வாங்கியின் இரைச்சல் மோனோவைவிட ஏறக்குறைய 20 டெசிபெல் கூடுதல். உங்கள் குறியாக்கியில் 19 கிலோஹேர்ட்ஸ் பைலட்டை (இது ஸ்டீரியோ என்று வாங்கிக்குச் சொல்லும் குறியை) நிறுத்தினால் போதும், ஓட்டோ, பஸ், தொலைபேசி எல்லாவற்றிலும் உள்ள வாங்கிகள் தாமாக மோனோவுக்கு இறங்கிவிடும், "ஸ்ஸ்" என்ற இரைச்சல் அடங்கிவிடும். ஒரு பொத்தான் வேலை. நேர அட்டவணையில் ஏற்றி வைத்தால் அதற்கு ஆளும் தேவையில்லை. பைலட்டை நிறுத்தினால் ஸ்டீரியோ விளக்கு அணைந்துவிடும், விளம்பரதாரர் குறை சொல்வார் என்று உங்களில் சிலர் தயங்குவது தெரியும். விளக்கைப் பார்த்துப் பாட்டுக் கேட்கிறவரை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

இதோடு சேர்ந்தது போலி ஸ்டீரியோ. இறுவட்டுக் காலத்தில் பல பழைய பாடல்களை இரண்டு பக்கமாகப் பிரித்து, ஒரு பக்கத்தைச் சற்றுத் தாமதமாக்கி அல்லது அதன் அலையைத் தலைகீழாகத் திருப்பி வெளியிட்டார்கள். ஹெட்போனில் அகலமாக இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில் இரண்டு பக்கமும் கூடும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும்: வயலின் கேட்கும், பாடகர் கிணற்றுக்குள் போய்விடுவார். சோதிக்க ஒரு நிமிடம் போதும். கோப்பைத் திறந்து இரண்டு பக்கத்தையும் கூட்டி மோனோவாக்கிக் கேளுங்கள். குரல் மெலிந்தால் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை எறியுங்கள்.

இரண்டாவது, ஒலிச் செயலி, அதாவது உரப்பைத் தானாக ஏற்றி இறக்கும் கருவி. புதுப் பாட்டுக்கு ஏற்றபடி அதை இறுக்கி வைத்திருக்கிறீர்கள். புதுப் பாட்டு தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே உரப்பு, அதனால் வித்தியாசம் தெரியாது. 1950களின் பாட்டு அப்படியல்ல. ஒரு புல்லாங்குழலோடு மெல்லத் தொடங்கும், பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் மூச்சுவிடும். அந்த மெல்லிய இடங்களில் செயலி ஓசையை உயர்த்தப் பார்க்கும், பாட்டு இல்லாத இடத்தில் உயர்த்த என்ன இருக்கிறது? இசைத்தட்டின் கீறலும் இரைச்சலும்தான். பாடகர் வாய் திறந்ததும் இரைச்சல் அமுங்கும், நிறுத்தியதும் பொங்கும். கேட்பவர் "பழைய றெக்கோட், அப்பிடித்தான்" என்று நினைத்துக்கொள்கிறார். றெக்கோட்டில் பிழையே இல்லை. கேற் அளவை (எந்த உரப்புக்குக் கீழே ஓசையை உயர்த்தக் கூடாது என்ற எல்லையை) உயர்த்துங்கள், விடுவிப்பு நேரத்தை (அமுக்கிய ஓசை திரும்ப எழும் நேரத்தை) நீட்டுங்கள், பட்டைகளின் அடர்த்தியைக் குறையுங்கள். அதைத் தனி அமைப்பாகச் சேமித்து, "பழசு" என்று பெயர் வைத்து, அந்த ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் மாறச் செய்யுங்கள்.

தானியங்கி மென்பொருளின் வேலையையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குறிப்பிட்ட உரப்புக்குக் கீழே போனால் பாட்டு முடிந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். மெல்லத் தொடங்கும் முன்னிசையின் முதல் சில விநாடிகளை வெட்டும், தேய்ந்து முடியும் பாட்டின் வாலில் அடுத்ததை ஏற்றும். சில பாட்டுகளில் நடுவில் ஒரு கணம் முழு நிசப்தம் வரும், அங்கே விளம்பரம் பாய்ந்ததையும் கேட்டிருக்கிறோம். பழைய பாட்டுக் கோப்புறைக்குத் தானாக வெட்டுவதை நிறுத்துங்கள். தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் கையால் வையுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும், ஒருமுறை செய்தால் அதற்குப் பிறகு பார்க்கவே தேவையில்லை.

கோப்பின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் இறக்கிய 128 கிலோபிற் எம்.பி.த்ரீயை நிறமாலையில் பார்த்து, "16 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இல்லை, ஆகவே மோசம்" என்று தீர்ப்புச் சொல்கிற முறை இங்கே உதவாது. 78 சுழற்சித் தட்டில் அந்த உயரத்தில் எப்படியும் பாட்டின் ஓசை ஒன்றும் இராது. காதால்தான் பிடிக்க வேண்டும்: நல்ல பிரதியில் தட்டின் இரைச்சல் ஒரே சீராக இருக்கும், நசுக்கிய பிரதியில் இரைச்சல் நீருக்கடியில் இருந்து வருவதுபோல் குமிழியிட்டு அலையும். அளவுக்கு மிஞ்சி இரைச்சல் நீக்கிய பிரதி அதைவிட மோசம், வயலினின் மேல் சுரங்களும் பாடகரின் "ச", "ஷ"வும் கூடவே போய்விடும். கீறலோடு இருக்கிற பிரதியும் துடைத்து வழித்த பிரதியும் கையில் இருந்தால் தயங்காமல் கீறலைப் போடுங்கள்.

வேகம் தவறிய பிரதிகள் இன்னொரு தொல்லை. கசெற் விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். றப்பர் பட்டி இளகிய ரேப்பில் (கசெற் ஓட்டும் பெட்டியில்) இருந்து எடுத்தால் மெதுவாக ஓடியிருக்கும், மோட்டரின் திருகை யாரோ தொட்டிருந்தால் வேகமாக ஓடியிருக்கும். 3 வீதம் பிழைத்தால் சுருதி அரைப் படியில் பாதி நகரும். ரி.எம். சௌந்தரராஜன் குரல் மெலிந்து ஒலித்தால் சந்தேகப்படுங்கள். சுருதிப் பெட்டி வைத்துப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம், அந்தக் கால வாத்தியக் குழு எந்தச் சுருதியில் இறுக்கியது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நேரத்தை ஒப்பிடுங்கள். தட்டில் இருந்து எடுத்த நல்ல பிரதி 3 நிமிடம் 20 விநாடி, உங்களுடையது 3 நிமிடம் 14 விநாடி என்றால் 3 வீதம் வேகம். ஒப்பிட வேறு பிரதி கிடைக்காவிட்டால், பாட்டுக்குக் கீழே மெல்லிய மின் உறுமல் இருக்கிறதா என்று தேடுங்கள். அது 50 ஹேர்ட்ஸில் இருக்க வேண்டும், 51 அரையில் இருந்தால் எவ்வளவு இறக்க வேண்டும் என்பதை உறுமலே சொல்லிவிடும்.

இனிப் பாட்டுத் தெரிவு. தொழில்நுட்பத்தைவிட இங்கேதான் நேயர் அதிகம் கழன்றார். அதே கோப்புறை, அதே பாட்டுகள், கிழமைக்கு இரண்டு தரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணித்தியாலத்தில் விளம்பரம் 8 நிமிடம், நிலையக் குறி, நேரம் சொல்லுதல் 2 நிமிடம் போக 50 மிஞ்சும். பாட்டு மூன்றரை நிமிடம், அறிவிப்பு அரை நிமிடம் என்றால் 12 பாட்டு. கிழமைக்கு ஆறு நாள் நிகழ்ச்சி, 60 நாளுக்குள் ஒரு பாட்டுத் திரும்பக் கூடாது என்று விதி வைத்தால் 620 பாட்டு அளவில் தேவை. ஆயிரம் பாட்டுச் சரிபார்த்து வைத்துக்கொண்டால் வருடம் முழுதும் தாராளமாக ஓடும். ஆயிரம் ஒரு பெரிய எண் அல்ல. கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் போடுகிற ஒருவரிடமே அதைவிடக் கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் கடைசியாகப் போட்ட திகதியை எழுதுங்கள், மென்பொருளின் "எழுந்தமானம்" என்ற பொத்தானை நம்ப வேண்டாம். கைக்குத் தெரிந்த பாட்டும் தெரியாத பாட்டும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்தால் ஒருவரும் நிலையத்தை மாற்றமாட்டார். எல்லாம் தெரிந்த பாட்டாக இருந்தால் மாற்றுவார், ஏனென்றால் அவரிடம் அது யுஎஸ்பியில் இருக்கிறது.

பழையது என்றால் எது என்பதிலும் ஒரு குழப்பம் வந்துவிட்டது. முன்பு பி.யூ. சின்னப்பா, தியாகராஜ பாகவதர் பழசு. பிறகு அது 60களுக்கு நகர்ந்தது. 80களின் பாட்டுக்கு "இடைக்காலப் பாடல்கள்" என்று நீங்களே நல்லதொரு பெயரும் வைத்தீர்கள். இப்போது 90களின் பாட்டையும் பழசு என்று அறிவிக்கிறீர்கள். இது உலகெங்கும் நடப்பதுதான், விளம்பரதாரர் தேடும் வயது நகர நகரப் பழையதின் எல்லையும் நகரும். 90களைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு இடம் கொடுக்க 50களையும் 60களையும் முழுதாகத் தூக்கி எறியாதீர்கள், வேறு நேரம் கொடுங்கள்.

அறிவிப்புக்கு வருவோம். படம், ஆண்டு, எழுதியவர், இசை, பாடியவர்: ஐந்து விடயம், பத்து விநாடி. இலங்கை வானொலியின் வழக்கமே இதுதான். இப்போது காணொளித் தலைப்பில் இருப்பதை அப்படியே வாசிக்கிறார்கள், அங்கே பிழை என்றால் இங்கேயும் பிழை. 1959இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை 60களின் நடுவில் வந்த படத்துக்குப் பாட்டெழுத வைக்கிறார்கள். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்தார்கள், அதற்கு முன் இருவரும் சேர்ந்து செய்த பாட்டுக்கு விஸ்வநாதன் பெயரை மட்டும் சொல்வது ராமமூர்த்திக்குச் செய்யும் அநியாயம். ஏ.எம். ராஜாவையும் பி.பி. ஸ்ரீனிவாஸையும் மாற்றிச் சொல்வதைக் கேட்டால் தேத்தண்ணிக் கடையில் இருக்கிற ஐயா முகத்தைச் சுளிக்கிறார். அந்தச் சுளிப்போடு உங்கள் நிலையம் போய்விட்டது. பழைய பாட்டு நேயர் பிழை பிடிக்கிற நேயர். அவரைத் தொல்லை என்று நினைக்காமல் பிழைதிருத்துநராக வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியின் கடைசி நிமிடத்தில் "நேற்றைய திருத்தம்" என்று ஒன்று போட்டுப் பாருங்கள், அடுத்த நாள் முழு நிகழ்ச்சியையும் காது தீட்டிக் கேட்பார்.

எங்கள் நாட்டுப் பாட்டுகளுக்கு ஒரு மணித்தியாலத்தில் ஒரு இடமாவது வேண்டும். எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் பாடிய மெல்லிசைப் பாடல்கள், நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசை, சிங்களத் திரைக்கும் இசை தந்த ஆர். முத்துசாமி, எம்.கே. ரொக்சாமி போன்றவர்களின் வேலை, இவையும் பழைய பாட்டுத்தான். தமிழ்நாட்டுப் பாட்டைப் போட ஆயிரம் இடம் உண்டு. இதைப் போட உங்களை விட்டால் ஆளில்லை. உரிமை பற்றிய கேள்வி வந்தால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் உரிமை அவர் மறைந்து 70 ஆண்டுவரை நிற்கும். ஆகவே குடும்பத்தைக் கேட்டு, எழுத்தில் வாங்கி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துப் போடுங்கள். "உரிமைப் பிரச்சினை" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பது பதிலாகாது.

எந்த நேரத்தில் போடுவது? வன்னியில் விடிய ஐந்து மணிக்கு வெதுப்பகம், தேத்தண்ணிக் கடை, மீன்வாடி எல்லாம் விழித்திருக்கும். ஐந்து முதல் ஆறரை வரை நல்ல நேரம், அதற்குப் பிறகு பள்ளிக்கூட அவசரம். மத்தியானம் இரண்டு மணி தையல் கடைக்கும் சலூனுக்கும் உரியது. இரவு பத்து மணி நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்: காலபோக நெல் குடலைப் பருவம் முதல் வெட்டும்வரை யானைக்கும் பன்றிக்கும் பரணில் காவல் இருப்பவர்கள், முல்லைத்தீவுக் கடலில் வலை போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள், ஆசுபத்திரிக் காவலாளிகள். அவர்களுக்குத் தொலைபேசி வாழ்த்து நிகழ்ச்சி வேண்டாம், பரணில் இருந்து ஆர் அழைப்பது? பாட்டும் நேரமும் மட்டும் சொன்னால் போதும். பல புதுத் தொலைபேசிகளில் ஹெட்போன் துளை இல்லை. அந்த வயர்தான் பண்பலைக்கு அன்ரெனா, அது போனதோடு றேடியோவும் போனது. ஆகவே இவர்களில் பலர் இன்னும் சின்னப் பற்றரிப் பெட்டியில்தான் கேட்கிறார்கள், உங்கள் இணையக் கணக்கெடுப்பில் அவர்கள் விழவே மாட்டார்கள்.

கடைசியாக, அவசரமான ஒன்று. வன்னி வீடுகளில் இருந்த கசெற்களில் பெரும் பகுதி 2009க்குள் போய்விட்டது. மிஞ்சியவை யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உறவினர் வீட்டில் இருந்தவை, முன்கூட்டியே வெளிநாடு போனவை, பொலித்தீனில் சுற்றிப் புதைத்துப் பின்னர் தோண்டி எடுத்தவை. இவற்றில் விலைமதிப்பானது பாட்டு அல்ல, பாட்டு வேறெங்காவது இருக்கும். பாட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கிற அறிவிப்பாளரின் குரல், விளம்பரம், நேயர் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், இவைதான் வேறெங்கும் இல்லை. துரதிர்ஷ்டம் என்னவென்றால், பதிந்தவர்களில் பலர் அறிவிப்பு வந்ததும் நிறுத்தப் பொத்தானை அமுக்கிவிட்டார்கள். அமுக்க மறந்தவர்களின் கசெற்தான் உங்களுக்கு வேண்டியது.

எடுக்கும் முறை இது. மழைக்காலத்தில் தொடாதீர்கள், ஐப்பசி முதல் தை வரை ஈரம் கூட, பூஞ்சணம் பரவும். வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் செய்யுங்கள். கண்ணாடித் துளையால் பாருங்கள், நாடாச் சுருளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் மற்றவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம், மூக்கை மூடிக்கொண்டு வெளியில் வைத்துத் துடையுங்கள். ஒட்டி மூடிய பழைய கூட்டை உடைத்து, திருகாணி உள்ள புதுக் கூட்டுக்கு நாடாவை மாற்றுங்கள். நாடாவை அழுத்தும் சிறு பஞ்சு விழுந்திருக்கும், அது இல்லாமல் ஓசை வந்து வந்து போகும். கேட்பதற்கு முன் முழுதாக ஒருமுறை முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றுங்கள். சி-60 (இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஓடும்) நாடா 18 மைக்ரோன் தடிப்பு, தாங்கும். சி-90, 12தான், மெதுவாக. சி-120 வெறும் 9, இழுபட்டால் திரும்பி வராது, அதை வேகமாகச் சுற்றவே வேண்டாம். ஒவ்வொரு கசெற்றுக்கும் பிறகு தலையையும் றப்பர் உருளையையும் துடையுங்கள். தலைக்கு ஐசோபுரோப்பைல் அல்ககோல் நல்லது. அதே அல்ககோலை 78 சுழற்சித் தட்டில் தொடவும் கூடாது, அந்தத் தட்டு அரக்கு, கரைந்துவிடும்.

பதிந்த தலையும் வாசிக்கிற தலையும் ஒரே சாய்வில் இராது. தலைக்குப் பக்கத்தில் உள்ள அசிமுத் திருகாணியை மோனோவில் கேட்டபடி சிறிது சிறிதாகத் திருப்பி, "ச" ஓசை மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். பலர் விடுகிற படி இதுதான், பழைய கசெற் மங்கலாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், வேவ் கோப்பு. உச்சம் மைனஸ் 6 டெசிபெலுக்குள் நிற்கட்டும். மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கக் கூடாது, நீக்குவதென்றால் பிரதியில். ஒரு மணித்தியாலம் ஸ்டீரியோவில் 1 ஜிகாபைற் அளவு வரும். ஒரு டெராபைற் தட்டில் 900க்கு மேற்பட்ட சி-60 அடங்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில். கோப்புப் பெயரில் உரியவரின் ஊர், கசெற் இலக்கம், பக்கம் இருக்கட்டும். நிகழ்ச்சியின் திகதி தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள், விளம்பரத்தில் வரும் படத்தின் பெயரை எழுதிவிட்டால் பின்னால் யாராவது கண்டுபிடிப்பார்கள்.

கசெற்றை வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போகிற யோசனை வேண்டாம். கொடுத்துத் திரும்பி வராத சாமான்கள் இந்தப் பக்கத்துச் சனத்துக்கு நிறைய, ஆரும் தரமாட்டார்கள். ஆளை அனுப்புங்கள். கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, மல்லாவி, செட்டிகுளம் என்று சந்தைக்கு அருகே ஒரு பொதுமண்டபத்தில் இரண்டு நாள் இருந்து, உரியவர் பக்கத்தில் இருக்க எடுத்து, கசெற்றையும் ஒரு யுஎஸ்பிப் பிரதியையும் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு ரேப் ஒரு நாளில் ஐந்தாறு கசெற்தான் எடுக்கும், ஓடுகிற நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். ஆகவே தலை சரிபார்த்த ரேப் குறைந்தது மூன்று வேண்டும். மேலதிக றப்பர் பட்டிகள், திருகாணிக் கூடுகள் 50, அழுத்துபஞ்சு, ஒரு போத்தல் அல்ககோல், பஞ்சுக் குச்சி, காந்தம் நீக்கி, மூன்று முள் எர்த் உள்ள நீட்டுக் கம்பி. எர்த் இல்லாத மண்டபம் பல உண்டு, எடுக்கிற எல்லாவற்றிலும் 50 ஹேர்ட்ஸ் உறுமல் ஏறிவிடும். அதனால் மடிக்கணினியைப் பற்றரியில் ஓடவிடுங்கள், சார்ஜரைப் பதிவு நேரத்தில் கழற்றுங்கள். ரேப் திருத்த ஆள் வேண்டுமென்றால் கொண்டுவரத் தேவையில்லை, நாங்கள் இங்கே இருக்கிறோம்.

இப்படிக்கு,
வன்னியில் றேடியோ திருத்துவோர், ஒலிபெருக்கி கட்டுவோர், கசெற் காப்போர்